பிரித்த சீஸை எதில் சுற்றி, எங்கே வைப்பது?

கடையில் வாங்கும்போது சீஸ் பாக்கெட் காற்றுப் புகாமல் இறுக்கமாக இருக்கிறது. அதைக் கத்தரித்த பிறகுதான் பிரச்சினை ஆரம்பம். 200 கிராம் செடார் கட்டியில் கால்வாசியை டோஸ்டுக்குத் துருவியாயிற்று; மீதியை என்ன செய்வது? பல வீடுகளில் பாக்கெட்டின் வாயை மடித்து, ஒரு ரப்பர் பேண்டு போட்டு, ஃபிரிட்ஜ் கதவில் சொருகிவிடுகிறார்கள். அடுத்த வாரம் எடுத்துப் பார்த்தால் ஒரு முனை காய்ந்து, கெட்டித்து, நிறம் இருண்டு கிடக்கும். இன்னொரு முனையில் உறை ஒட்டிக்கொண்டு ஈரமாக இருந்த இடத்தில் பச்சையாகப் பூஞ்சை. ஒரே கட்டி ஒரு பக்கம் ஈரம் போய்க் கெட்டது, மறுபக்கம் ஈரம் தங்கிக் கெட்டது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செடார், கூடா போன்ற கெட்டியான சீஸ் என்றால் பட்டர் பேப்பரில் சுற்றி, ஒரு டப்பாவில் போட்டு, காய்கறி டிரேயில் வைப்பதுதான் நம் வீடுகளுக்குச் சரி. பீட்சாவுக்கும் பாஸ்தாவுக்கும் வாங்கும் மொசரெல்லாவைத் துருவி ஃப்ரீசரில் போடுவது நல்லது. ஸ்லைஸ், க்யூப் போன்ற பிராசஸ்டு சீஸுக்கு அதன் சொந்த உறையும் ஒரு மூடிய டப்பாவும் போதும். மற்ற வழிகளும் நல்லவைதான். ஆனால் எந்த சீஸுக்கு, எத்தனை நாளைக்கு என்று பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும்.

ஃபிரிட்ஜ் என்பது சீஸுக்குப் பிறந்த வீடு அல்ல. பிரான்சின் ரோக்ஃபோர் சீஸ் கோம்பலூ மலையடிவாரத்துக் குகைகளில் முதிர்கிறது. பாறை வெடிப்புகள் வழியாக வரும் காற்று அந்தக் குகைகளை வருடம் முழுக்கக் குளுமையாகவும் நல்ல ஈரப்பதத்தோடும் வைத்திருக்கிறது. பொதுவாக சீஸ் முதிரவைக்கும் நிலவறைகளில் வெப்பநிலை 10 முதல் 13 டிகிரி செல்சியஸ் வரை, ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல் இருக்கும். நம் ஃபிரிட்ஜோ 4 டிகிரி. அதைவிட முக்கியம், உள்ளே காற்று வறண்டது. இரட்டைக் கதவு ஃபிராஸ்ட் ஃப்ரீ ஃபிரிட்ஜில் விசிறி சுழன்று குளிர்காற்றைத் தள்ளிக்கொண்டே இருக்கும். பனி படியாமல் இருப்பதற்காக ஈரத்தை உறிஞ்சி வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். மூடாமல் வைத்த கொத்தமல்லி மறுநாளே வதங்குவதும் அதனால்தான். ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜில் இந்த வறட்சி கொஞ்சம் குறைவு. ஆனால் அதில் ஃப்ரீசருக்கு நேர் கீழே உள்ள தட்டில் வைத்த பொருள் சில சமயம் உறைந்தே போகும். ஆக, நாம் எதில் சுற்றினாலும் அதன் வேலை இரண்டு: வெளியே உள்ள வறட்சியைத் தடுக்க வேண்டும், உள்ளே சேரும் ஈரத்தைக் கொஞ்சம் வெளியே விடவும் வேண்டும். இரண்டில் ஒன்றை மட்டும் செய்யும் உறை எல்லாமே எங்காவது சொதப்பும்.

முதலில் கையில் இருப்பது என்ன சீஸ்?

இதைப் பார்க்காமல் வழியைத் தேர்ந்தெடுப்பதால்தான் பாதி சீஸ் வீணாகிறது. சீஸில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதை வைத்தே அதன் ஆயுளைச் சொல்லிவிடலாம். நன்கு முதிர்ந்த பார்மஜானில் தண்ணீர் சுமார் 30 சதவீதம்தான். செடாரில் 40 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. மொசரெல்லாவில் பாதி அளவுக்குத் தண்ணீர். நம் பன்னீரில் 60 சதவீதம் வரை இருக்கலாம். தண்ணீர் ஏற ஏற ஆயுள் இறங்கும். பிரித்த பிறகு ஃபிரிட்ஜில் கெட்டி சீஸ் மூன்று, நான்கு வாரம் தாங்கும். மென்மையான சீஸுக்கு ஒரு வாரம்தான் கணக்கு. பன்னீருக்கு இரண்டு மூன்று நாள்.

பிராசஸ்டு சீஸ் வேறு சாதி. இயற்கையான சீஸை உருக்கி, சோடியம் சிட்ரேட் போன்ற உப்புகளைச் சேர்த்து, சூடு காட்டி, கிருமிகளை அடக்கி அச்சில் வார்த்தது அது. சுவிட்சர்லாந்தின் தூன் நகரில் 1911ல் வால்டர் கெர்பரும் ஃபிரிட்ஸ் ஸ்டெட்லரும் இதைச் செய்து காட்டினார்கள். வெயில் நாடுகளுக்குக் கப்பலில் அனுப்பினால் கெடாத சீஸ் வேண்டும் என்பதே அவர்கள் நோக்கம். 1916ல் அமெரிக்காவில் ஜேம்ஸ் கிராஃப்ட் தன் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். முதல் உலகப்போரில் அந்த நாட்டு ராணுவத்துக்கு அது டின் டின்னாகப் போனது. வளைகுடாவிலிருந்து ஊருக்கு வருபவர்கள் பெட்டியில் கொண்டுவரும் நீல நிற கிராஃப்ட் சீஸ் டின் அந்த வம்சத்தில் வந்ததுதான். நம் மளிகைக் கடையில் கிடைக்கும் அமுல் க்யூபும் ஸ்லைஸும் இந்த வகை. இதற்குள் முதிரவைக்கும் உயிர்கள் வேலை செய்துகொண்டிருப்பதில்லை. அதனால் இது மூச்சுவிட வேண்டும் என்ற கவலையே இல்லை. இறுக்கி மூடினால் போதும், காயாமல் இருக்கும். டின்னைத் திறந்தால் மட்டும் மீதியை அதிலேயே வைக்காமல் கண்ணாடி அல்லது எவர்சில்வர் டப்பாவுக்கு மாற்றிவிடுங்கள்.

கொடைக்கானல் சீஸோ, ஆரோவில் லா ஃபெர்ம் பண்ணையின் சீஸோ வாங்கினால் அது அப்படி இல்லை. அவை இயற்கையான சீஸ், உறைக்குள்ளும் மாறிக்கொண்டிருக்கும். அவற்றை க்யூப் சீஸ் மாதிரி நடத்தக் கூடாது.

க்ளிங் ஃபிலிமா, ஜிப் கவரா, பட்டர் பேப்பரா

உண்மையான போட்டி இங்கேதான்.

க்ளிங் ஃபிலிம் சுலபம். எல்லாச் சூப்பர் மார்க்கெட்டிலும் கிடைக்கிறது, கட்டியோடு ஒட்டிக்கொள்கிறது, காய விடாது. இரண்டு மூன்று நாளில் முடித்துவிடப் போகிறோம் என்றால் இதில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். அதற்கு மேல் போனால்தான் தொல்லை. சீஸிலிருந்து வெளியேறும் ஈரத்துக்குப் போக்கிடம் இல்லை. ஃபிலிமுக்கும் சீஸுக்கும் இடையிலேயே நின்று மேற்பரப்பு பிசுபிசுக்கும். முகர்ந்து பார்த்தால் பிளாஸ்டிக் வாடையும் லேசாக வரும். மேலே ஒரு மெல்லிய சீவல் சீவித் தள்ளிவிட்டுச் சாப்பிட்டால் வாடை போய்விடும். ஆனால் தினமும் சீவித் தள்ளுவதும் நஷ்டம்தானே. இன்னொரு விஷயம்: சில க்ளிங் ஃபிலிம்கள் பிவிசியால் ஆனவை. அவற்றை நெகிழ வைக்கச் சேர்க்கும் பொருள்கள் கொழுப்புள்ள உணவுக்குள் இறங்கக்கூடியவை. சீஸில் கொழுப்பு அதிகம். பெட்டியில் பிவிசி என்று இருந்தால் சீஸை அதில் நேரடியாகச் சுற்ற வேண்டாம். பாலிஎதிலீன் ஃபிலிமில் இந்தக் கவலை இல்லை.

ப்ரீ, காமம்பேர் போன்ற வெள்ளைத் தோல் போர்த்திய சீஸுக்கு க்ளிங் ஃபிலிம் சுத்தமாக ஒத்துவராது. அந்தத் தோலே உயிருள்ள பூஞ்சைதான். அது முதிரும்போது புரதம் உடைந்து அம்மோனியா வெளிவரும். இறுக்கிச் சுற்றினால் அந்த வாயு உள்ளேயே தங்கி, பிரித்ததும் மூக்கைத் துளைக்கும்.

ஜிப் கவர் க்ளிங் ஃபிலிமைவிடக் கொஞ்சம் மேல், உள்ளே காகிதம் இருந்தால் மட்டும். வெறும் கட்டியை ஜிப் கவரில் போட்டால் கவரின் உட்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்துக்கொள்ளும். அந்த நீர்த்துளி விழுந்த இடத்தில்தான் முதல் பூஞ்சை வரும்.

பட்டர் பேப்பர் இதற்கு நேர் எதிர். ஈரத்தை மெல்ல வெளியே விடும், சீஸோடு ஒட்டாது, வாடை ஏற்றாது. ஆனால் அதை மட்டும் சுற்றி ஃபிராஸ்ட் ஃப்ரீ ஃபிரிட்ஜில் வைத்தால் நாலைந்து நாளில் ஓரங்கள் காய்ந்துவிடும். அதனால்தான் அதற்கு மேல் ஒரு டப்பா வேண்டும் என்கிறேன். டப்பாவுக்குள் சீஸ் தனக்கென்று ஒரு சின்ன ஈரச் சூழலை உண்டாக்கிக்கொள்கிறது. காகிதம் அந்த ஈரம் சீஸின் மேல் நேரடியாக நிற்காமல் பார்த்துக்கொள்கிறது. பூண்டு ரசமும் நேற்றைய மீன் குழம்பும் இருக்கிற ஃபிரிட்ஜில் இந்த டப்பாவுக்கு இன்னொரு பயனும் உண்டு. கொழுப்புள்ள பொருள் வாடையை வெகு சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். மூடியில்லாமல் இருந்த செடாரில் சாம்பார் வாசம் வந்தால் குற்றம் செடாருடையது அல்ல.

செய்முறை சொல்வதற்கு எளிது, ஆனால் கை பழக வேண்டும். காகிதத்தைக் கட்டியைப் போல மூன்று மடங்கு பெரிதாக வெட்டிக்கொள்ளுங்கள். கட்டியை நடுவில் வைத்து, நீளப் பக்கங்களை மேலே சேர்த்து, இரண்டு மடிப்பாக உருட்டி இறக்குங்கள். மளிகைக் கடை அண்ணாச்சி பொட்டலம் மடிக்கிற அதே மடிப்பு. பக்கவாட்டு முனைகளை முக்கோணமாக மடித்து அடியில் செருகுங்கள். வெட்டிய முகம் முழுவதும் காகிதத்தோடு ஒட்டியிருக்க வேண்டும். அங்கே காற்று நின்றால் அங்கேதான் முதலில் காயும். மேலே தேதி எழுதிய ஒரு துண்டு டேப். அப்புறம் டப்பாவில் போட்டு, மூடியை முழுக்க அழுத்தாமல் ஒரு மூலையை மட்டும் லேசாக விட்டு வைத்தால் போதும். கவ்வும் மூடியுள்ள டப்பா என்றால் இரண்டு நாளுக்கு ஒருமுறை திறந்து மூடினாலே காற்று மாறிவிடும். காகிதம் நனைந்தாலோ எண்ணெய் ஏறிக் கசங்கினாலோ மாற்றிவிடுங்கள். பழைய காகிதத்தைத் திருப்பிப் போட்டுச் சுற்றுவது சிக்கனமாகத் தோன்றும். அதில் ஒட்டியிருக்கும் பூஞ்சை வித்துகளையும் சேர்த்துத்தான் சுற்றுகிறோம். செய்தித்தாள் வேண்டவே வேண்டாம். அச்சு மை கொழுப்போடு சேரும்.

இதில் நம் ஊருக்கென்றே ஒரு நுணுக்கம் உண்டு. சென்னை, தூத்துக்குடி, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த சீஸ் கட்டி மேடையில் ஐந்து நிமிடம் இருந்தாலே மேலெல்லாம் வேர்த்துவிடும். காற்றில் உள்ள ஈரம் குளிர்ந்த பரப்பில் படிகிறது. அப்படியே சுற்றித் திரும்ப உள்ளே வைத்தால் எந்த உறையும் காப்பாற்றாது. எனவே கட்டியை எடுங்கள், தேவையானதை வெட்டுங்கள், மீதியை உடனே உள்ளே வையுங்கள். வேர்த்துவிட்டால் சுத்தமான டிஷ்யூவால் ஒற்றிவிட்டுச் சுற்றுங்கள். அறை வெப்பத்துக்கு வந்தால் சீஸ் சுவை கூடும் என்பது உண்மைதான். அதற்குச் சாப்பிடப் போகிற துண்டை மட்டும் அரை மணி நேரம் முன்னால் வெளியே வைத்தால் போதும், முழுக் கட்டியை அல்ல.

கையால் தொடாமல் காகிதத்தோடு பிடித்து வெட்டுவதும், உலர்ந்த கத்தியைப் பயன்படுத்துவதும் உறையைவிட முக்கியம் என்றுகூடச் சொல்வேன். பழம் நறுக்கிய ஈரக் கத்தி பட்ட இடத்தில் பூஞ்சை சீக்கிரம் வருவதை எந்த வீட்டிலும் பார்க்கலாம்.

தேன்மெழுகுத் துணி, சீஸ் காகிதம், வேக்குவம்

பருத்தித் துணியில் தேன்மெழுகு ஏற்றிய உறைகள் இப்போது ஆர்கானிக் கடைகளில் கிடைக்கின்றன. கைச்சூட்டில் வளைந்து, சீஸின் வடிவத்துக்கு அப்படியே படிந்துகொள்ளும். காகிதத்தைவிடக் காயாமல் வைக்கும், பிளாஸ்டிக்கைவிட மூச்சுவிடும். கெட்டி சீஸுக்கு அருமையான பொருள். ஆனால் கழுவுவதில்தான் சிக்கல். வெந்நீர் ஊற்றினால் மெழுகு உருகி வழிந்துவிடும், குளிர்ந்த நீரில் மென்மையாகத்தான் தேய்க்க வேண்டும். கொழுப்பு ஏறிய துணியைக் குளிர்ந்த நீரில் சுத்தம் செய்வது முழுத் திருப்தி தராத வேலை. ஒரு முறை பூஞ்சை பிடித்த சீஸைச் சுற்றிய துணியைத் திரும்ப நம்புவதும் கடினம். சீஸுக்கென்றே ஒரு துணியைத் தனியாக ஒதுக்கி, அக்கறையாகப் பராமரிக்கும் வீட்டுக்கு இது பொருந்தும். காலை அவசரத்தில் டிபன் கட்டும் வீட்டுக்குப் பட்டர் பேப்பர்தான்.

சீஸுக்கென்றே செய்யும் இரட்டை அடுக்குக் காகிதம் வெளிநாடுகளில் உண்டு. வெளியே காகிதம், உள்ளே ஈரத்தைச் சரியாக மட்டுப்படுத்தும் மெல்லிய அடுக்கு. எல்லாவற்றிலும் சிறந்தது இதுதான் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. வெளிநாட்டிலிருந்து யாராவது வந்தால் வாங்கி வரச் சொல்லலாம். அதற்காக மெனக்கெட வேண்டியதில்லை. பட்டர் பேப்பரும் டப்பாவும் சேர்ந்து அதன் வேலையில் பெரும்பகுதியைச் செய்துவிடுகின்றன.

கவரிலிருந்து காற்றை உறிஞ்சி ஒட்டிவிடும் வேக்குவம் சீலர் மெஷின் வைத்திருப்பவர்கள் 1 கிலோ செடார் வாங்கினால் அது நல்ல முதலீடு. காற்று இல்லாவிட்டால் பூஞ்சை வளராது. கட்டியை 150, 200 கிராம் துண்டுகளாக வெட்டி, தனித்தனியே சீல் வைத்து, வாரத்துக்கு ஒன்றாகப் பிரிக்கலாம். பிரித்த துண்டு பட்டர் பேப்பருக்கு வந்துவிட வேண்டும். மென்மையான சீஸுக்கு இது கூடாது. நசுங்கும் என்பது ஒரு பக்கம், லிஸ்டீரியா என்ற பாக்டீரியா காற்றில்லாமலும் ஃபிரிட்ஜ் குளிரிலும் வளரக்கூடியது என்பது இன்னொரு பக்கம். கர்ப்பிணிகளை மென்மையான சீஸ் விஷயத்தில் எச்சரிப்பதும் இந்தக் கிருமியால்தான்.

ஃபெட்டா மட்டும் இந்தக் கணக்குகளுக்கு வெளியே நிற்கிறது. அது உப்புநீரில் பிறந்தது, உப்புநீரிலேயே இருக்க வேண்டும். டப்பாவில் வரும் நீரைக் கொட்டிவிடாமல் அதிலேயே மூழ்க வையுங்கள். பூண்டும் மூலிகையும் சேர்த்து எண்ணெயில் ஊறப்போடும் செய்முறைகள் ஏராளம். அதைச் செய்தால் ஃபிரிட்ஜிலேயே வைத்துச் சில நாளில் முடித்துவிட வேண்டும். எண்ணெய்க்குள் காற்று போகாது. வெளியே வைத்தால், போட்டுலிசம் என்ற கடும் உணவு நச்சு நோயைத் தரும், பூண்டில் இருக்கக்கூடிய கிருமிக்கு அது தோதான இடம். ஊறுகாய் மாதிரி அலமாரியில் வைக்கும் பொருள் அல்ல அது.

ஃபிரிட்ஜா, ஃப்ரீசரா

சீஸை ஃப்ரீசரில் வைக்கலாமா என்ற கேள்விக்கு, அதை எப்படிச் சாப்பிடப் போகிறீர்கள் என்று திருப்பிக் கேட்டால் பதில் வந்துவிடும். உறையும்போது சீஸில் உள்ள தண்ணீர் ஐஸ் துகள்களாகி, கொழுப்பும் புரதமும் பின்னியிருக்கும் கட்டமைப்பைக் கிழித்துவிடுகிறது. உருகிய பிறகு செடார் வழவழவென்று வெட்டுப்படாது, உதிரும். சுவை பெரிதாகப் போகாது, வாய்க்குள் உணரும் பதம்தான் போய்விடும். அப்படியே துண்டு போட்டுச் சாப்பிடுவதற்கு வாங்கிய சீஸை உறைய வைத்தால் கொடுத்த காசு வீண். அடுப்பில் உருகப் போகிற சீஸுக்கு இந்தச் சேதம் தெரியவே தெரியாது.

அதனால்தான் மொசரெல்லாவுக்கு ஃப்ரீசரைச் சொல்கிறேன். 1 கிலோ கட்டியை வாங்கிய அன்றே துருவி, ஒரு வேளைக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவாகப் பிரித்து ஜிப் கவரில் போடுங்கள். உருண்டையாக அல்ல, தட்டையாகப் பரப்பி, காற்றை அழுத்தி வெளியேற்றி. தட்டையாக இருந்தால் சீக்கிரம் உறையும்; சீக்கிரம் உறைந்தால் ஐஸ் துகள் சின்னதாக இருக்கும். உறைந்துகொண்டிருக்கும்போது ஒரு முறை கவரை எடுத்து உதறிவிட்டால் துருவல் ஒன்றோடொன்று ஒட்டாது. ஒரு ஸ்பூன் கார்ன்ஃப்ளாரைத் தூவிக் கலந்தாலும் ஒட்டாது. கடையில் விற்கும் துருவல் பாக்கெட்டிலும் ஸ்டார்ச்சோ செல்லுலோஸோ இதற்காகத்தான் சேர்க்கிறார்கள். சமைக்கும்போது உருகவிடாமல் அப்படியே பீட்சா மேல் தூவலாம். முழுக் கட்டியாக உறைய வைத்தால் மட்டும் முந்தின இரவே ஃபிரிட்ஜ் தட்டுக்கு இறக்கிவைக்க வேண்டும். சமையல் மேடையில் வைத்து உருக்கக் கூடாது.

துருவிய சீஸை ஃபிரிட்ஜில் வைத்து மெல்ல மெல்லச் செலவழிப்பதுதான் இருப்பதிலேயே மோசமான வழி. ஒவ்வொரு துருவலுக்கும் எல்லாப் பக்கமும் காற்று. கட்டியாக மூன்று வாரம் தாங்கும் அதே சீஸ், துருவினால் ஒரு வாரத்திலேயே பூஞ்சை காட்டும். கட்டியாக வைத்து அன்றன்றைக்குத் துருவுங்கள், இல்லையென்றால் துருவி ஃப்ரீசரில் போட்டுவிடுங்கள்.

பன்னீரும் ஃப்ரீசர் தாங்கும். கொஞ்சம் பஞ்சுபோல ஆகிவிடும். வெந்நீரில் பத்து நிமிடம் போட்டால் மென்மை திரும்பும், கிரேவியில் மசாலாவையும் நன்றாக இழுத்துக்கொள்ளும். இரண்டு நாளில் செய்யப்போவதாக இருந்தால் ஒரு கிண்ணத் தண்ணீரில் மூழ்கவைத்து, தினமும் தண்ணீரை மாற்றி, ஃபிரிட்ஜில் வைப்பது போதும்.

கரண்ட் போனால்

மேலைநாட்டுச் சமையல் குறிப்புகளில் இந்தக் கேள்வி ஓரமாகத்தான் இருக்கும். நமக்கு அப்படி இல்லை. மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணிக்குப் போகும் கரண்ட் மதியமோ மாலையோதான் திரும்பும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது சென்னையின் பல பகுதிகளில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. எனவே வாங்கும்போதே இதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

திறக்காத ஃபிரிட்ஜ் சுமார் 4 மணி நேரம் குளிரைக் காக்கும். நிறைந்த ஃப்ரீசர், கதவைத் திறக்காமல் இருந்தால், 48 மணி நேரம்கூடத் தாங்கும். பாதி நிறைந்தது அதில் பாதி. இது தனி ஃப்ரீசருக்கான கணக்கு. ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜின் சின்ன ஃப்ரீசர் பெட்டியிடம் இவ்வளவு எதிர்பார்க்கக் கூடாது. பராமரிப்புத் தேதி முன்கூட்டியே தெரியும் என்பதால் முந்தின இரவே இரண்டு பாட்டில் தண்ணீரை உறையவைத்து, காலையில் ஒன்றை சீஸ் டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்துவிடலாம்.

கரண்ட் வந்த பிறகு எதை வைத்துக்கொள்வது, எதை எறிவது? செடார், பார்மஜான் போன்ற கெட்டி சீஸும் பிராசஸ்டு சீஸும் சில மணி நேரச் சூட்டைத் தாங்கிவிடும். கொஞ்சம் எண்ணெய் கக்கியிருக்கும், துடைத்துவிட்டுப் புதுக் காகிதத்தில் சுற்றினால் போதும். பன்னீர், க்ரீம் சீஸ், ரிக்கோட்டா, ப்ரீ, துருவிய சீஸ் ஆகியவை 4 டிகிரிக்கு மேல் 2 மணி நேரத்துக்கு அதிகமாக இருந்திருந்தால் எறிந்துவிடுங்கள். சூடு 32 டிகிரியைத் தாண்டும் நாளில் வெளியே வைக்கும் உணவுக்கு அந்த 2 மணி நேரமும் 1 மணி நேரமாகச் சுருங்கும். நமக்கு ஆண்டில் பல மாதங்கள் அந்தக் கணக்குத்தான். ஃப்ரீசரில் இருந்த மொசரெல்லாத் துருவலில் இன்னும் ஐஸ் துகள் தெரிந்தால் திரும்ப உறையவைக்கலாம். முழுக்க இளகி வெதுவெதுப்பாகிவிட்டால் வேண்டாம்.

மின்தடை அடிக்கடி வரும் ஊரில் இருப்பவர்கள் மென்மையான சீஸைச் சேமித்து வைக்கும் எண்ணத்தையே விட்டுவிடுவது நல்லது. வாங்கிய அன்றோ மறுநாளோ சாப்பிட்டு முடிக்கும் அளவுக்குத்தான் வாங்க வேண்டும்.

பூஞ்சை வந்துவிட்டால்

முதலில் அது பூஞ்சைதானா என்று பாருங்கள். முதிர்ந்த செடாரின் மேல் சில சமயம் வெள்ளையாகப் பொடிப் பொடியாகப் படியும். அது கால்சியம் லாக்டேட் படிகம், சீஸ் முதிரும்போது தானாக வருவது. விரல் நுனியால் தடவினால் மணல்போல நறநறக்கும். பூஞ்சை என்றால் மெத்தென்று இருக்கும், தடவினால் இழுபடும், பெரும்பாலும் பச்சை, நீலம், சாம்பல் என்று நிறம் காட்டும். படிகத்தைப் பார்த்துப் பயந்து நல்ல சீஸைக் குப்பையில் போடுகிறவர்கள் நிறையப் பேர்.

கெட்டி சீஸில் பூஞ்சை வந்தால் அந்த இடத்தைச் சுற்றியும் கீழேயும் குறைந்தது 2.5 சென்டிமீட்டர் வெட்டி எறிந்துவிட்டு மீதியைச் சாப்பிடலாம் என்பது பொதுவான வழிகாட்டல். கத்தி பூஞ்சையில் பட்டு மற்ற இடத்துக்கு அதை இழுத்துவரக் கூடாது. ஆனால் இது பெரிய கட்டிக்குத்தான் சரிப்படும். 200 கிராம் கட்டியில் பாதி தீர்ந்த நிலையில், எல்லாப் பக்கமும் 2.5 சென்டிமீட்டர் போனால் மிஞ்சுவது ஒன்றுமில்லை. அங்கே யோசிக்காமல் எறிந்துவிடலாம். மென்மையான சீஸ், பன்னீர், ஸ்லைஸ், துருவல் எதிலும் பூஞ்சை தெரிந்தால் முழுவதும் போக வேண்டியதுதான். கண்ணுக்குத் தெரியாத இழைகள் உள்ளே ஓடியிருக்கும். சூடுபடுத்தினால் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். சில பூஞ்சைகள் விடும் நச்சு அடுப்புச் சூட்டில் அழியாது.

நீல சீஸ் வாங்கினால் அதைத் தனி டப்பாவில் வையுங்கள். அதன் நீல நரம்புகள் நல்ல பூஞ்சைதான், ஆனால் அதன் வித்துகள் பக்கத்தில் இருக்கும் செடாரில் போய்க் குடியேறும்.

எவ்வளவு வாங்குவது

சுற்றுவதைப் பற்றி இவ்வளவு பேசினாலும், வாங்கும் அளவில்தான் பாதி முடிவு இருக்கிறது. 1 கிலோ கட்டி கிராம் கணக்கில் மலிவு. ஆனால் வாரத்துக்கு 100 கிராம் செலவாகும் வீட்டில் அது பத்து வாரம் கிடக்கும், பிரித்த செடாரோ மூன்று நான்கு வாரம்தான் நன்றாக இருக்கும். ஃப்ரீசரோ சீலரோ இல்லாமல் அந்தக் கட்டியை வாங்கினால் மிச்சம் பிடித்த காசைவிட எறியும் சீஸ் அதிகம். இரண்டு பேர் உள்ள வீட்டுக்கு 200 கிராம் கட்டி, பிள்ளைகளின் டிபனுக்கு ஸ்லைஸ், மாதம் இரண்டு முறை பீட்சா செய்கிற வீடு என்றால் அதற்குத் தனியாக உறையவைத்த மொசரெல்லா. பிரிக்காத பாக்கெட் பல மாதம் தாங்கும் என்பதால், 1 கிலோ கட்டி ஒன்றைவிட 200 கிராம் கட்டிகள் ஐந்தை வாங்கி ஒவ்வொன்றாகப் பிரிப்பது விலை கொஞ்சம் கூடினாலும் லாபம்தான்.

கடையிலும் ஒரு பார்வை வேண்டும். குளிர் பெட்டியில் சீஸ் பாக்கெட் தொட்டால் சில்லென்று இருக்கிறதா, உறை உப்பியிருக்கிறதா, உள்ளே நீர் கோத்திருக்கிறதா என்று பாருங்கள். இரவில் குளிர் பெட்டியை அணைத்துவைக்கும் சின்னக் கடைகள் உண்டு. அங்கே வாங்கிய சீஸை வீட்டில் எதில் சுற்றினாலும் தேதி வரைக்கும் வராது. மற்ற சாமான்களையெல்லாம் எடுத்து முடித்த பிறகு கடைசியாக சீஸை எடுங்கள். வெயில் நேரத்தில் வண்டியில் போவதானால் உறைந்த பட்டாணி பாக்கெட்டையும் சீஸையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு நேராக வீட்டுக்குப் போங்கள்.